தெருடூடில் ஒன்றின் பூர்வீகச் சான்று

பூடில் கலப்பு நாய்கள் மீது எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். விரோதமெல்லாம் அவற்றை வளர்ப்பவர்கள் மீதுதான்.

எங்கள் கட்டடத்தின் நாலாவது மாடியில் பல் டாக்டர் அம்மா ஒன்று வைத்திருந்தார். பழுப்பு நிறம், சுருட்டை முடி. கண் எங்கே இருக்கிறதென்று தேடித்தான் பார்க்க வேண்டும். தகப்பன் பூடில் என்கிற சீமை நாய், தாய் வேறு ஏதோ. அதை நாய் என்று சொன்னால் அந்த அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். டூடில் என்று சொல்ல வேண்டுமாம். முடி கொட்டாது, தும்மல் வராது, மனிதர்களின் மனசைப் புரிந்துகொள்ளும் என்று லிஃப்டில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுப்பார். நாலாவது மாடி வந்ததும் வகுப்பு முடிந்துவிடும், அது ஒன்றுதான் நிம்மதி.

அவர் இறங்கியதும் நாங்கள் ஆரம்பிப்போம். தெருவில் சும்மா கிடைக்கிற கலப்புக்கு ஆறு மாதம் காத்திருந்து வாங்கியிருக்கிறாரே என்பார் ஒருவர். நாய்க்குத் தலைவாரவே ஒரு ஆள் வைத்திருக்கிறாராம் என்பார் இன்னொருவர். கம்பளிச் சட்டையைத் துவைத்துப் பிழியாமல் விட்ட மாதிரி இருக்கிறது என்று சொன்னது நான். அந்த வாக்கியம் ஏழு மாடிக்கும் பரவியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

எனக்கு அந்த உரிமை உண்டு. நான் வைத்திருந்தது அசல் நாய். சைக்கிள் பழுதுபார்க்கும் கடை என்னுடையது. கடை வாசலில் ஐந்து வருஷமாக ஒரு தெருநாய் காவலுக்குப் படுத்திருக்கும். ஏதோ பழைய சண்டையில் ஒரு காது போய்விட்டதால் ஒத்தக்காது என்று பெயர். அது கடைக்குப் பின்னால் பழைய டியூப் குவியலில் நாலு குட்டி போட்டது. கடைசிக் குட்டியைப் போர்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன், அதனால் அதற்குப் போர்வை என்றே பெயர். நாயா நானா என்று முதல் நாள் கேட்ட என் மனைவி, ஒரு வாரத்தில் தன் தலையணையையே அதற்குக் கொடுத்துவிட்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

இப்படி இருக்கையில்தான் நகராட்சி ஒரு நாள் விழித்துக்கொண்டது. வீட்டில் வளர்க்கும் நாய்களைப் பற்றி லிஃப்ட் கதவில் ஆணை ஒட்டினார்கள். இன நாய்களுக்குக் கழுத்தில் மாட்ட நீல வில்லை வழங்கப்படும். கலப்பு நாய்கள், அவற்றின் நலன் கருதி, ஊருக்கு வெளியே உள்ள காப்பகத்துக்கு மாற்றப்படும். கடைசி நாள் இந்த மாத முப்பது. தன் நலனைப் பற்றிப் போர்வையை யாரும் கேட்கவில்லை.

அன்று ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. ஒரே ஒரு ஆறுதல், டாக்டர் அம்மாவின் டூடிலும் கலப்புதான். ஆனால் டூடில்காரர்கள் லேசுப்பட்டவர்களா? நாய்களோடு ஊர்வலம் போனார்கள். நாலே நாளில் ஆணைக்குத் திருத்தம் வந்தது: “கலப்பு எனும் சொல் தற்செயலாக நிகழ்ந்த கலப்பை மட்டுமே குறிக்கும். முன்கூட்டித் திட்டமிடப்பட்ட கலப்பு இனமாகவே கருதப்படும்.”

முப்பதாம் தேதி போர்வையைக் கூட்டிக்கொண்டு நாங்கள் இருவரும் நகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். பதிவாளர் காய்ந்துபோன முத்திரைப் பெட்டியில் தன் குடிதண்ணீரைக் கொஞ்சம் ஊற்றித் தேய்த்துவிட்டுப் படிவத்தை எடுத்தார்.

“நாயோட தாய் தகப்பன் சந்திப்பு திட்டமிட்டதா, தற்செயலா?”

“எனக்கு எப்படி சார் தெரியும்? என்னைக் கூப்பிடலையே.”

“அப்ப தற்செயல்,” என்று பேனாவைக் கொண்டுபோனார்.

என் மனைவி எட்டி அந்தப் பேனாவைப் பிடித்துக்கொண்டாள். இருபது வருஷத்தில் அவளிடம் நான் பார்க்காத பிடி.

“சார், உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?”

“மூணு.”

“மூணும் திட்டமா?”

பதிவாளர் மின்விசிறியைப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர் ஏதோ கீழே விழுந்ததுபோலக் குனிந்துகொண்டார்.

“மூத்தவன் மட்டும்,” என்றார். பிறகு அவராகவே சொன்னார்: “கடைக்குட்டிதான் நான் வீட்டுக்குப் போனதும் ஓடி வருவா.”

“அவளை எந்தக் காப்பகத்துக்கு அனுப்புறீங்க?”

மனுஷர் பேனாவை மெல்ல விடுவித்துக்கொண்டார். திட்டமிட்டது என்ற கட்டத்தில் குறி போட்டார். ஆனால் கம்ப்யூட்டர் அவரைப்போல இளகிய மனசுக்காரர் இல்லை. அதிலிருந்த திட்டமிட்ட கலப்புப் பட்டியலில் எல்லா வகைக்கும் ஒரு பக்கம் பூடில் இருந்தது. பூடில் இல்லாத கலப்பை அது ஏற்கவே மாட்டேன் என்றது.

“தாயா, தகப்பனா? யாராவது ஒருத்தர் பூடிலா இருந்தே ஆகணும்,” என்றார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? “இந்த நாயில பூடில் எங்க சார் தெரியுது?” என்று கேட்டேன்.

“தெரியலைன்னா மத்த பக்கம் தூக்கலா இருக்குன்னு அர்த்தம். ரெண்டு டூடில் ஒரே மாதிரி இருந்து இதுவரைக்கும் நான் பார்த்ததில்லை. அப்ப இது டூடில் இல்லைன்னு எவன் சொல்ல முடியும்?”

தாய் பூடில் என்று முடிவாயிற்று. சந்தித்த இடம் எது என்று கேட்டார், தெரு என்றேன். இரண்டையும் சேர்த்துத் தெருடூடில் என்று எழுதினார். இந்த நாயின் தாய் பூடில் என்று நான் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஒத்தக்காதின் முகம் ஒரு கணம் வந்து போனது. போட்டேன். நீல வில்லை கிடைத்தது. என் மனைவி வழி முழுக்க அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் லிஃப்டில் டாக்டர் அம்மா குனிந்து வில்லையைப் பார்த்தார். அதுவரை என்னைச் சைக்கிள்காரரே என்று கூப்பிட்டவர், “சார், இது என்ன வகை?” என்றார்.

“தெருடூடில்.”

“கேள்விப்பட்டிருக்கேன். ரொம்ப அபூர்வமாச்சே!”

முடி கொட்டாது என்று நானும் சொன்னேன், சட்டையிலிருந்து முடியைத் தட்டிவிட்டுக்கொண்டே. மாதம் ஒரு தடவை போர்வைக்குத் தலைவார ஆள் வந்தான். அடுத்தடுத்த நாட்களில் வழியில் நிறுத்தி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். நான் லிஃப்டை விட்டு இறங்கியதும் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். மசகு துடைத்த துணிக்கு வில்லை மாட்டிய மாதிரி இருக்கிறது என்று ஒருவன் சொன்னது காதிலேயே விழுந்தது. நாய்களைப் பற்றி எதுவும் தெரியாத ஜனங்கள்! எனக்கு அவர்கள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

திட்டமிட்ட கலப்பு நாய் வளர்ப்போர் சங்கத்தில் என்னைத் துணைச் செயலாளர் ஆக்கினார்கள். முதல் கூட்டத்திலேயே ஒரு மனு. தெருநாய்கள் நம் நாய்களோடு பழகினால் திட்டமிடாத விளைவுகள் ஏற்படும், ஆகவே உடனே அப்புறப்படுத்த வேண்டும் என்று எழுதியிருந்தது. இருபத்து மூன்று கையெழுத்தோடு காகிதம் என்னிடம் வந்தது. “துணைச் செயலாளர் பேர் இல்லாம எப்படி சார்?” என்றார் டாக்டர் அம்மா. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நகராட்சி என்றைக்கு மனுவைப் படித்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டு இருபத்து நாலாவதாகப் போட்டேன்.

என் போதாத காலம், இந்த மனுவைப் படித்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் கடைக்கு எதிரில் வண்டி வந்து நின்றது. போர்வையும் அன்று என்னோடு கடையில் இருந்தது. ஒத்தக்காது அதன் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. சுருக்குக் கம்பியோடு இறங்கிய ஆள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

“ஒரே ஜாடையா இருக்கே சார். இது உங்க நாய்க்கு அம்மாவா?”

ஆமாம் என்றால் பத்திரம் பொய். வில்லை போகும், இரண்டும் வண்டியில் ஏறும்.

“எங்க நாயோட அம்மா பூடில்,” என்றேன்.

அவனுக்குக் கம்பியே தேவைப்படவில்லை. நான் பக்கத்தில் நிற்கிற தைரியத்தில் ஒத்தக்காது குரைக்காமல் வாலை ஆட்டிக்கொண்டே ஏறியது. வீட்டில் சொன்னேன். என் மனைவி தன் பாயைச் சுருட்டிக்கொண்டு போர்வை பக்கத்தில் போய்ப் படுத்தாள், அந்த வாரம் முழுக்க அங்கேயேதான்.

எட்டாம் நாள் டாக்டர் அம்மா வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு காகிதம். தெருடூடில் குட்டிக்கு முன்பதிவாம். எல்லாருக்கும் அதே தாயின் குட்டிதான் வேண்டுமாம். வாங்கிப் பார்த்தேன். அதே இருபத்து மூன்று பேர், மனுவில் இருந்த அதே வரிசையில்.

“அம்மா எங்க சார் இருக்கு? ஒரு தடவை பார்க்கலாமா?”

“ஊருக்கு வெளியில,” என்றேன். அது பொய் இல்லை.

“அதானே. அந்த மாதிரி ரத்தம் இங்க எங்க கிடைக்கும்?” என்று மெச்சினார். பிறகு காகிதத்தை மறுபடி பார்த்தார். “உங்க பேரையும் சேருங்க சார். போர்வைக்குத் துணைக்கு ஒரு குட்டி வேணாமா?”

என் மனைவி உள்ளே போய்ப் பேனாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“போடுங்க,” என்றாள். “உங்களுக்குப் பழக்கம்தானே.”

டாக்டர் அம்மா சிரித்த முகத்தோடு காத்திருந்தார். போர்வை என் செருப்பில் கடை வாசனையை முகர்ந்துகொண்டு வாசல் பக்கமே படுத்திருந்தது. இருபத்து நாலாவதாக என் பெயரை எழுதினேன்.