காயமில்லாத நாடு

எந்த வரைபடத்திலும் இடம்பிடிக்காத கற்குன்ற நாட்டில் மலையைத் தவிர வேறு விளைச்சல் இல்லை. மக்கள் கல்லை உடைத்தார்கள். கல்லும் அவ்வப்போது மக்களை உடைத்தது. அதற்காக முந்தைய அரசர் ஒரு சட்டம் போட்டிருந்தார். கல்பட்டறை முதலாளிகள் எல்லோரும் தங்களிடம் வேலை செய்யும் ஆட்களின் எண்ணிக்கைப்படி காப்புநிதிக்குப் பங்கு கட்ட வேண்டும். வேலையில் அடிபட்டவருக்கு வைத்தியத்தையும், குணமாகும்வரை கூலியையும் நிதி பார்த்துக்கொள்ளும். தவறு யாருடையது என்ற விசாரணை இல்லை. முதலாளிமேல் வழக்கும் இல்லை.

வஞ்சிக்கொடி அந்தச் சட்டத்தின் அருமை தெரிந்த முதலாளி. சட்டம் வருவதற்கு முன்பு, ஒரே விபத்தில் ஒரு தொழிலாளி காலையும், அவனுடைய முதலாளி வழக்காடியே பட்டறையையும் இழந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அதனால் தன்னிடம் இருந்த நாற்பது பேருக்கும் ஒரு மாதம்கூடத் தவறாமல் பங்கு கட்டினாள்.

புதிய அரசர் வந்ததும் காப்புநிதி அமைச்சரானார் பரிபூரணர். அடிபடுவதை இரண்டு அதிகாரிகள் நேரில் பார்த்திருந்தால்தான் உதவி என்று முதலில் ஆணையிட்டார். தூசி ஒத்துக்கொள்ளாததால் எந்த அதிகாரியும் மலைப்பக்கமே வரவில்லை. அடுத்து, காயம் பதிவாகாத பட்டறைகளுக்கு வெள்ளிக் கேடயம் அறிவித்தார். முதலாளிகள் காயப் பதிவேட்டைக் கிழித்துவிட்டு, அடிபட்டவர்களைப் பின்வாசல் வழியாக வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரே வருடத்தில் அது காயமில்லாத நாடாகப் பிரகடனம் செய்யப்பட்டது. இனித் தேவைப்படாத காப்புநிதியில் வெற்றி வளைவு ஒன்று எழும்பத் தொடங்கியது.

வளைவின் உச்சிக்கல்லை வஞ்சிக்கொடியின் பட்டறையில் தூக்கும்போது சங்கிலி அறுந்து, தலைமைச் சிற்பி சடையப்பனின் வலதுகை நசுங்கியது. அவள் அன்றே அதைப் பதிவேட்டில் எழுதினாள். செய்தி கேட்டு அமைச்சரே வந்துவிட்டார்.

"அம்மையே, சிற்பி தன் இல்லத்தில் வழுக்கி விழுந்ததாகத் திருத்திவிடுங்கள். கேடயம் காத்திருக்கிறது."

பட்டறைக்கு முத்திரை வைத்துவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம்தான். ஆனால் நாற்பது பேரும் உளியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பத்தொன்பது வருஷமா இந்தக் கை செதுக்கின கல்லைத்தான் நான் வித்திருக்கேன். அது எங்கே நசுங்கிச்சுன்னு எனக்குத் தெரியும். இந்தப் பதிவுக்கு நீங்க ஒப்பம் போடற வரைக்கும் உச்சிக்கல் இங்கேயே கிடக்கட்டும்."

அமைச்சர் பல்லக்கில் ஏறினார்.

மறுநாள் பக்கத்துப் பட்டறைகளில் மறைக்கப்பட்ட காயக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் பெயரையும் எழுதச் சொன்னார்கள். மூன்றாம் நாள் முதலாளிகளே வந்தார்கள். கேடயம் வாங்கியதிலிருந்து நல்ல ஆள் யாரும் தங்களிடம் நிற்பதில்லை என்றும், நிதியின் உதவி கிடைக்காததால் அடிபட்டவர்கள் மறுபடி வழக்குப் போடுகிறார்கள் என்றும் தலைகுனிந்து சொன்னார்கள். எல்லாப் பெயர்களையும் வஞ்சிக்கொடி எழுதினாள். பதிவேடு தீர்ந்ததும் கல்பலகைகளில் பொறித்தார்கள். எந்தப் பட்டறையிலிருந்தும் தலைநகருக்குக் கல் போகவில்லை.

வெற்றி விழா நாளன்று வளைவு, தலையில்லாமல் இரண்டு கால்களோடு நின்றது. அந்த வாரமே காப்புநிதி திரும்பி வந்தது, 'அரசரின் கருணைக் காப்புத் திட்டம்' என்ற பெயரில். உலகத்திலேயே இப்படி ஒரு யோசனை முதன்முதலாக அரசருக்குத்தான் உதித்தது என்று பரிபூரணர் கண்கலங்கப் பேசினார். முதலாளிகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பழைய பங்கையே கட்டினார்கள்.

சடையப்பனுக்குக் கட்டு மாற்ற அரசு வைத்தியர் பட்டறைக்கு வந்தார். புதிய கட்டுத்துணி முழுவதும் அரசரின் முகம் அச்சிடப்பட்டிருந்தது. சடையப்பன் அதைப் பார்த்தான்.

"முகம் உள்பக்கமா இருக்கட்டும் வைத்தியரே. காயம் எப்படியிருக்கும்னு அவரும் பார்க்கட்டும்."

வைத்தியர் தயங்கினார். வஞ்சிக்கொடி துணியை வாங்கித் திருப்பிப் பிடித்து, தானே கட்டத் தொடங்கினாள்.