மேட்டூர் நீர்மட்டமும் என் கறுப்புத் திரையும்

வேலையைத் தள்ளிப்போட ஆளுக்கு ஒரு வழி இருக்கிறது. சிலர் மேசையைத் துடைப்பார்கள். சிலர் டீ குடிக்கக் கிளம்புவார்கள். நான் ப்ராம்ப்டை அலங்கரித்தேன். மூன்று வாரம் அலங்கரித்தேன். கடைசியில் அதே ப்ராம்ப்டை வைத்து, மண்டபம் நிறைய விவசாயிகள் பார்த்துக்கொண்டிருக்க, என் அப்பாவைத் தலைகுனிய வைத்தேன்.

ப்ராம்ப்ட் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் வேலையில் பாதி நேரம் ஒரு கறுப்புத் திரையில் கழியும். அதில் படமும் கிடையாது, பொத்தானும் கிடையாது. கட்டளையைத் தட்டச்சு செய்து என்டர் தட்ட வேண்டும். அந்த வேலை முடிந்ததும், அடுத்து என்ன வேண்டும் என்று ஹோட்டல் சர்வர் வந்து நிற்பதுபோல ஒரு சின்னக் குறி வந்து நிற்கும். அதுதான் ப்ராம்ப்ட். அடிப்படையில் அது வெறும் டாலர் குறி. (அதுவே போதும். அனுபவப்பட்டவள் சொல்கிறேன், அதுவே போதும்.)

அப்போது நான் சென்னைக் கம்பெனி ஒன்றின் வேலையைக் குடவாசல் வீட்டில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தேன். எங்கள் குழுவில் யாருடைய ப்ராம்ப்ட் அழகு என்று எழுதப்படாத போட்டி ஒன்று உண்டு. ஒருவன் மணி காட்டினான், நான் மணியும் தேதியும் காட்டினேன். ஒருத்தி சென்னை வெயிலைக் காட்டினாள், நான் குடவாசல் வெயிலைக் காட்டினேன். ஒரு கிரீடம் வைத்தேன். 'வணக்கம் மகாராணி' என்று என்னை நானே வரவேற்றுக்கொள்ள ஏற்பாடு செய்தேன். இதற்கெல்லாம் ஒரு அமைப்புக் கோப்பு எழுத வேண்டும். அது அறுநூறு வரிக்கு வளர்ந்தது. கம்பெனி கொடுத்த வேலை நாற்பது வரியில் நின்றிருந்தது.

போட்டியில் வேறு யாருமே நினைத்துப் பார்க்க முடியாத ஒன்றை வைக்க ஆசைப்பட்டேன். ஜூன் மாதம் எங்கள் ஊரில் இரண்டு பேர் சந்தித்தால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் மேட்டூரில் எவ்வளவு என்று கேட்பார்கள். அதையே வைத்தேன். என்டர் தட்டினால் மேட்டூர் அணையின் நீர்மட்டம் வந்து நிற்கும். முந்தைய அளவைவிடக் குறைந்திருந்தால் சிவப்பு எழுத்து, குறையாவிட்டால் பச்சை எழுத்து, பக்கத்தில் ஒரு நெற்கதிர்.

அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது பேப்பர்ல வர்றதா பாப்பா?"

"பேப்பர்ல வர்றது பழசுப்பா. இது அங்கேருந்து நேரா வருது."

அந்த ஒரு வாக்கியத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. எங்களுடையது பம்ப்செட் இல்லாத நிலம், வாய்க்கால் தண்ணீரை மட்டும் நம்பியது. அன்றிலிருந்து தினமும் காலையில் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார். "தட்டும்மா" என்பார். தட்டுவேன். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு காதர் பாய் டீக்கடைக்குப் போவார்.

ஒரே ஒரு குறை. என்டர் தட்டும் ஒவ்வொரு முறையும் ப்ராம்ப்ட் இணையத்துக்குப் போய் நீர்மட்டத்தை விசாரித்து வர ஆறு விநாடி ஆனது. (ஆறு விநாடிதானே என்பவர்கள் ஒரு நாளைக்கு முந்நூறு முறை காத்திருந்து பார்க்கவும்.) அதனால் வந்த எண்ணை ஒரு கோப்பில் சேமித்து அதையே காட்டும்படி மாற்றினேன். மணிக்கு ஒருமுறை புதிய எண்ணைக் கொண்டுவர இன்னொரு வரி எழுதினேன். அந்த வரி ஏதோ தகராறு செய்தது. அதன் முன்னால் ஒரு குறியைப் போட்டு நிறுத்தி வைத்தேன். அலுவலக மீட்டிங் வந்தது. மறந்துவிட்டேன்.

அன்றைய எண் தொண்ணூற்று நான்கு அடி. மறுநாளும் தொண்ணூற்று நான்கு. அதற்கு மறுநாளும் அதே. குறையவில்லை, ஆகவே பச்சை எழுத்து, நெற்கதிர். அப்பா முகத்திலும் பச்சை எழுத்து.

"வர்ற தண்ணியும் போற தண்ணியும் சரியா இருக்கு பாப்பா. கர்நாடகாவுல நல்ல மழை போல."

நான் காதில் ஹெட்போனோடு "ஆமாம்பா" என்றேன்.

டீக்கடையில் காதர் பாய் செய்தித்தாளைப் பார்த்து எண்பத்தாறு என்றால் அப்பா சிரித்திருக்கிறார். "பாய், அது பழைய கணக்கு. எங்க வீட்டுல நேரா வருது." பாய் மரியாதை தெரிந்த மனிதர், "அப்படியா அண்ணே" என்று பேப்பரை மடித்து வைத்துவிடுவாராம். ஒருவர் கைபேசியில் பார்த்துவிட்டு வேறு எண் சொன்னபோது, அது பேப்பரைப் பார்த்துப் போடுவது என்று அப்பா தீர்ப்பளித்திருக்கிறார். என்னை அவ்வளவு நம்பினார்.

அந்த நேரம் குறுவை நாற்று நடவுக்குத் தயாராக நின்றது. முழு நிலத்திலும் நடுவதா, தண்ணீரை யோசித்துப் பாதியோடு நிறுத்துவதா என்று தெருவே குழம்பிக்கொண்டிருந்தது. தண்ணீர் விஷயத்தில் அப்பா சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டு. "தைரியமா முழுசா நடலாம்" என்று ஐந்து வீட்டுக்குச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை நடவுக்கு ஆட்களும் சொல்லியாகிவிட்டது. நடுவில் தண்ணீர் நின்றால் ஆறு வீட்டு வயலும் வெடித்துப்போகும். இது எதுவும் மகாராணிக்குத் தெரியாது.

புதன்கிழமை விவசாயிகள் கூட்டம். பொதுப்பணித்துறை உதவிப் பொறியாளர் எழுந்து, அணையில் எண்பத்து மூன்று அடிதான் இருக்கிறது, இனி முறை வைத்துதான் தண்ணீர் விடுவோம், அதற்குத் தக்கபடி நடுங்கள் என்றார். அப்பா எழுந்தார்.

"ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க சொல்ற அளவு தப்பு."

மண்டபம் திரும்பிப் பார்த்தது. அப்பா என்னைக் காட்டினார். இதற்காகத்தான் லேப்டாப்போடு வரச் சொல்லியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் சும்மா இருந்தேனா? நிமிர்ந்த நடையோடு மேடைக்குப் போனேன். பொறியாளர் நல்ல மனிதர், "எல்லாருக்கும் தெரியட்டும்மா" என்று புரொஜெக்டரில் மாட்டச் சொன்னார்.

சுவர் முழுக்க ஒரு கிரீடம் தோன்றியது. 'வணக்கம் மகாராணி.' பின்வரிசையில் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள்.

"தட்டும்மா" என்றார் அப்பா.

தட்டினேன். தொண்ணூற்று நான்கு, பச்சையில், கதிரோடு. அப்பா கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பொறியாளர் கேட்டார், "இன்னொரு தடவ தட்டுங்க." அதே எண். "நேத்து எவ்வளவு இருந்துச்சு?" அப்பாவே பதில் சொன்னார், "நேத்தும் இதேதாங்க. பன்னெண்டு நாளா இதேதான்."

அவர் வாயால் அதைக் கேட்டதும்தான் நான் நிறுத்தி வைத்த அந்த வரி நினைவுக்கு வந்தது.

"அந்த நம்பர் எங்கேருந்து வருதுன்னு காட்ட முடியுமா?"

கோப்பைத் திறந்தேன். அறுநூறு வரியும் சுவரில் ஓடின. பெருமைக்காக அதில் குறிப்புகளைத் தமிழில் எழுதி வைத்திருந்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் பாதிப் பேராவது படிக்காமல் விட்டிருப்பார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்.

"தற்காலிகமாக... நிறுத்தி... வைத்தது. நாளை... சரி செய்யவும்."

அந்த வரியின் முன்னால் இருந்த குறியை அழித்தேன். என்டர் தட்டினேன். (அன்று பார்த்து அந்த வரி தகராறு செய்யவில்லை.) ஆறு விநாடி. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஆறு விநாடி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எண்பத்து மூன்று வந்தது, சிவப்பில்.

சிரிப்பு எழுந்தது. அப்பா மைக்கை வாங்கினார்.

"ஐயா சொன்னதுதான் சரி. நான் சொன்னேன்னு முழுசா நட இருந்தவங்க நிறுத்திக்குங்க. தப்பு என் பேருல."

என் பெயரை அவர் சொல்லவில்லை. ஓடிப்போய் வாய்க்காலில் விழலாம் போலிருந்தது. அதற்கும் தண்ணீர் முறை வைத்துதான் வரும்.

திரும்பும் வழியில் அப்பா ஐந்து வீட்டு வாசலிலும் வண்டியை நிறுத்தி, இறங்கி, பாதி நட்டால் போதும் என்று சொன்னார். ஒவ்வொரு வாசலிலும் நான் லேப்டாப் பையைக் கட்டிக்கொண்டு அவர் பின்னால் நின்றேன். கடைசியாக டீக்கடை. "பாய், பேப்பர் குடுங்க" என்றார். காதர் பாய் பேப்பரை நீட்டி, எனக்கும் சேர்த்து டீ போட்டார்.

ஆறு வீட்டிலும் பாதிதான் நட்டார்கள். முறைத் தண்ணீர் அந்தப் பாதிக்குச் சரியாக இருந்தது. அன்று சாயங்காலமே அறுநூறு வரியையும் அழித்தேன். மறுநாள் காலை அப்பா பழக்கத்தில் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். திரையில் ஒற்றை டாலர் குறி.

"என்ன பாப்பா, ஒண்ணுமே இல்ல?"

"இனிமே இவ்வளவுதாம்பா."

"நல்லதுதான். வாயத் தொறக்காத வரைக்கும் பொய் சொல்லாது."

அதோடு விட்டிருந்தால் அவர் என் அப்பா இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா என் சமையலைப் புகழ்ந்தபோது, "எதுக்கும் இன்னொரு தடவ தட்டிப் பாத்துக்குங்க" என்றார். இன்று என் கணவர்கூட, நான் என் எடையைச் சொன்னால், எந்த வருஷத்து ரீடிங் என்று கேட்கிறார்.

இப்போது சென்னையில் இருக்கிறேன். தினமும் அப்பா போன் செய்வார். எப்படி இருக்க என்பார். நல்லா இருக்கேன் என்பேன். சில நாள் குரலில் ஏதோ பிடிபட்டு அவர் பேச்சை நிறுத்துவார். எண்ணிப் பார்த்திருக்கிறேன், கிட்டத்தட்ட ஆறு விநாடி. பிறகு மெதுவாகக் கேட்பார்.

"இது இன்னிக்கு உள்ளதா பாப்பா, பன்னெண்டு நாளைக்கு முந்தினதா?"

அதற்கப்புறம் அவரிடம் பொய் சொல்ல எனக்கு வருவதில்லை.