பலூன் வைத்திருக்கும் குழந்தை எங்கே?

வரைபடத்தில் இருப்பது தரையில் இருக்க வேண்டும். தரையில் இருப்பது வரைபடத்தில் இருக்க வேண்டும். மனித குலம் தழைக்க இந்த ஒரு விதி போதும் என்பது நகரமைப்பு அலுவலகத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை. ஆகவே, புதிய குடியிருப்புக்குக் குடிநீர் இணைப்புக் கொடுக்கும் முன் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சரிபார்ப்பு அலுவலர் ஒருவர் வந்தார். லஞ்சம் வாங்காதவர். இருந்த ஒரு வசதியையும் கெடுத்துவிட்டாரே என்று ஜனங்கள் வருத்தப்படும் அளவுக்கு நேர்மையானவர்.

படம் போட்டவள் பக்கத்தில் நின்றாள். நகரமைப்புக் கல்லூரியில் தங்கப்பதக்கம் வாங்கிவிட்டு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவள். தங்கியிருப்பது அக்கா வீட்டில். அக்கா வீடு இதே குடியிருப்பில், மூன்றாவது மாடியில். லாரித் தண்ணீரைக் குடம் குடமாக மேலே ஏற்றி அக்காவுக்கு இடுப்பு போய்விட்டது. "அவ்வளவு படிச்சியே, ஒரு குழாயைக் கொண்டு வாடி பார்ப்போம்" என்பதுதான் தங்கப்பதக்கத்துக்குத் தினமும் காலையில் கிடைக்கிற மரியாதை.

அலுவலர் ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் அடித்தார். கட்டடங்கள் இருந்தன. தூண்களின் மேல் தண்ணீர்த் தொட்டி நெட்டையாக நின்றது. படத்தில் குடை விரித்த மரங்கள் தரையில் குச்சிகளாக இருந்தன. "வளரும்" என்று குறித்துக்கொண்டார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.

"பலூன் வச்சிருக்கற குழந்தை எங்கம்மா?"

"எந்தக் குழந்தை சார்?"

"இதோ, சிவப்பு பலூன். நீங்க போட்ட படம்தானே?"

அவள் போட்ட படம்தான். ஆள் இல்லாத வரைபடத்துக்கு அவள் கல்லூரியில் பாதி மதிப்பெண்தான். 'நீடித்து நிலைக்கும் சமூகம்' பாடமெடுத்த பேராசிரியர், "மனிதர்களைப் போடுங்கள், மனிதர்களைப் போடுங்கள்" என்று தொண்டை வறளக் கத்துவார். மாணவர்கள் கணினியில் ஆயத்தமாகக் கிடைக்கும் மனிதர்களை எடுத்து ஒட்டுவார்கள். உலகத்தில் எந்தத் தெருவைத் திட்டமிட்டாலும் முதலில் குடியேறுகிறவர்கள் அந்தப் பத்துப் பன்னிரண்டு பேர்தான். குழாய், சாக்கடை பற்றியும் ஒரு பாடம் இருந்தது. அது விருப்பப் பாடம், யாரும் விரும்பவில்லை.

"சார், அது சும்மா அழகுக்கு..."

"சும்மான்னு எங்கேயாவது எழுதியிருக்கா? 'அங்கீகரிக்கப்பட்டது'ன்னு முத்திரை குத்தியிருக்கு. மேலதிகாரி அங்கீகரிச்ச குழந்தைம்மா அது. அதை இல்லைன்னு சொல்ல நான் யாரு?"

குழந்தை மட்டுமா? சைக்கிளில் போகும் பெண், நாயை நடத்திச் செல்லும் தாடிக்காரர், பெஞ்சில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கும் தம்பதி, எல்லாம் குறைபாடு. அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டு அவர் போனார்.

அக்கா கலங்கவில்லை. "ஆள்தானே கேக்கறான்? இந்தக் காலனியில தண்ணிக்குத்தான் பஞ்சம், ஆளுக்கென்ன பஞ்சம்?"

தாடி இருந்தது தையல்காரருக்கு மட்டும். அவருக்கு நாய் என்றால் குலை நடுக்கம். சைக்கிள் விடத் தெரிந்த பெண் யாருமில்லை. டீச்சரம்மாவை ஏற்றிவைத்து அவர் வீட்டுக்காரர் பின்னால் பிடித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. பலூனுக்கு நாலு குழந்தைகள் அடித்துக்கொண்டன. சிக்கல் தம்பதிதான். படத்தின் வயதுக்குப் பொருந்தியவர்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளரும் அவர் மனைவியும். அவர்கள் நேருக்கு நேர் பேசி வருஷக்கணக்காகிறது. எதுவானாலும் மருமகள் வழியாகத்தான்.

"மாமாவை முதல்ல சிரிக்கச் சொல்லு" என்றார் மாமியார்.

"அவ மூஞ்சியைப் பார்த்தா எப்படிச் சிரிப்பு வரும்னு கேளு" என்றார் மாமனார்.

குறித்த நாளில் அலுவலர் பெஞ்சின் முன் நெடுநேரம் நின்றார். "இது சிரிப்பு இல்லையேம்மா. முறைப்பு."

அந்த நேரம் பார்த்து இரவல் நாய் தையல்காரரை இழுத்துக்கொண்டு ஓட, அவர் சைக்கிளைக் கட்டிக்கொள்ள, டீச்சரம்மா அவர் மேலேயே விழுந்தார். செயலாளர் மனைவி வாய்விட்டுச் சிரித்தார். மனைவி சிரித்ததைப் பார்த்துச் செயலாளருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிப்பு: உள்ளது" என்று பதிவாயிற்று.

"படத்துல இருக்கறதெல்லாம் தரையில இருக்கு. ரொம்ப சந்தோஷம்" என்ற அலுவலர், மாடிகளில் நின்று வேடிக்கை பார்த்த கூட்டத்தை அண்ணாந்து பார்த்தார். "இவங்கல்லாம் யாரு?"

"இங்க குடியிருக்கறவங்க சார்."

"படத்துல இல்லையே?"

அவளுக்குத் தலை சுற்றியது. ஆனால் படித்த படிப்பு சும்மா விடுமா? "எல்லாரையும் வரைஞ்சு கொண்டு வந்தா இணைப்புக் கொடுப்பீங்களா சார்?"

"திருத்திய வரைபடம். தாராளமா. விதியில இடம் இருக்கு."

அன்று முதல் அக்கா வீட்டு வாசலில் கூட்டம். எல்லோருக்கும் தண்ணீர் மறந்துபோயிற்று.

"தலையைக் கொஞ்சம் கறுப்பா போடும்மா."

"என் நாத்தனார் பக்கத்துல மட்டும் என்னை நிறுத்திடாதே."

"தொப்பையை உள்ளே தள்ளிடு தாயி, படத்துலதானே."

"நாய் வேண்டாம். தூரத்துல கூட வேண்டாம்" என்றார் தையல்காரர்.

அக்கா கடைசியில் வந்தாள். "இடுப்பை நேரா போடுடி."

முன்வரிசை நிரம்பிற்று. அதன் பின்னால் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. பள்ளிக்கூடக் குழுப்படம் போல வரிசைகள் ஏறிக்கொண்டே போய் வானத்தைத் தொட்டன. மேலதிகாரி படத்தைப் பார்த்துக் கண்கலங்கினார். "கட்டடமே தெரியலை, பார்த்தீங்களா? முழுக்க முழுக்க மக்கள்! இதுக்குப் பேர்தான் மக்களை மையமாகக் கொண்ட திட்டமிடல்." முத்திரை விழுந்தது.

குழாய் ஆட்கள் கடப்பாரையோடு வந்திறங்கினார்கள். அலுவலர் படத்தைச் சுவரில் ஒட்டி ஒவ்வொருவராகச் சரிபார்த்தார். ஒரு தலை குறையவில்லை. புன்னகையோடு நிமிர்ந்தவர் முகம் அப்படியே நின்றது.

"அது என்னம்மா, உசரமா?"

"தண்ணித் தொட்டி சார்."

"படத்துல காணோமே?"

தொட்டி இருக்க வேண்டிய இடத்தில் அடுக்கடுக்காக ஜனங்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இடுப்பு நேராக அக்கா.

"பின்னால மறைஞ்சிருக்கு சார்."

"காகிதத்துக்குப் பின்னால சுவர்தான் இருக்கு. அங்கீகாரம் இல்லாத கட்டுமானம்மா இது. இடிக்கணும்."

"ஒரு நாலு பேரை எடுத்துட்டாப் போதும் சார், தொட்டி தெரியும்!" என்று அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "யாராவது நாலே நாலு பேர்..."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சுவரிலிருந்த தங்கள் முகத்தைப் பார்த்தார்கள். கறுத்த தலைகள், ஒட்டிய வயிறுகள்.

அவள் கடைசியாக அக்காவைப் பார்த்தாள்.

"என்னைப் பார்க்காதே" என்றாள் அக்கா. "இனிமே என் இடுப்பு என்னைக்கு இவ்வளவு நேரா இருக்கப் போகுது?"

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "சார், தொட்டியையே எடுத்துடுங்க. தொட்டி அப்புறமா கட்டிக்கலாம். சங்கம் ஏகமனதா தீர்மானிக்குது." அவர் மனைவி நேரடியாக அவரிடமே சொன்னார்: "சரியாச் சொன்னீங்க."

'சமூகத்தின் முழுப் பங்கேற்புடன்' என்று எழுதி அலுவலர் கையெழுத்திட்டார். கடப்பாரை வீணாகவில்லை.

இப்போதும் லாரிதான் வருகிறது. ஆனால் வரிசைச் சண்டை அடியோடு ஒழிந்துவிட்டது; வரைபடத்தில் யார் முன்னால் நிற்கிறார்களோ அவர்களுக்கு முதல் குடம். அங்கீகரிக்கப்பட்ட வரிசை, யாரும் மூச்சுவிட முடியாது. அக்கா மட்டும் மூன்றாவது மாடிக்குக் குடத்தோடு ஏறும்போது தங்கையை இன்னும் திட்டுகிறாள்.

"சொந்தத் தங்கைன்னு பேரு! என்னை ரெண்டு வரிசை முன்னால போட உனக்குக் கை வரலையேடி!"