கேட்டில் இருந்த ஃபோர்க் ஸ்பிரிங்

மலாயாவில், கெடா மாநிலத்தில் அவரைப்போல் மோட்டார் சைக்கிள் தெரிந்தவர் யாருமில்லை. அவரைப்போல் ஒரு மோட்டார் சைக்கிளையும் ஓடவிடாமல் வைத்திருந்தவரும் யாருமில்லை. செமிலிங் பக்கம் எங்கள் தோட்டத்து ரப்பர் ஃபேக்டரியில் ஃபிட்டர். எதைக் காட்டினாலும் "இது ஒரிஜினல் இல்ல" என்பார். அதனால் பெயரே ஒரிஜினல் அண்ணன் என்றாகிவிட்டது.

யுத்தம் முடிந்து, காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசு சண்டை போட்ட அவசரகாலம். நான் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. யுத்தத்துக்கு முந்திய ஒரு மோட்டார் சைக்கிளை, ஜப்பான்காரன் கண்ணில் படாதபடி கழற்றி, தோட்டத்து ஆட்கள் ஆளுக்கொரு துண்டாக ஒளித்து வைத்திருந்தார்கள். நான் அலைந்து திரிந்து எல்லாவற்றையும் சேர்த்தேன். முன்சக்கரத்து ஃபோர்க்கில் உட்காரும் பெரிய ஸ்பிரிங் மட்டும் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எட்டு கிடைத்தது. எட்டையும் இந்த மகானுபாவர் தள்ளிவிட்டார்.

அவர் ஸ்பிரிங் பார்க்கும் அழகே தனி. கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்குவார். பெயிண்டை நகத்தால் சுரண்டுவார், சுற்று எண்ணுவார். ஒரிஜினல் என்றால் நடு பருத்து, இரண்டு முனையும் சிறுத்திருக்க வேண்டுமாம்.

"தம்பி, இது லோரி ஸ்பிரிங்லா. இதப் போட்டு ஓட்டுனா வண்டி வீடு வந்து சேரும், ஒங்க முதுகெலும்பு வராது."

அப்போது தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளைச் சுற்றி முள்கம்பி. காட்டுக்காரர்களுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போகக் கூடாதென்று காலையில் கேட்டில் சோதனை நடக்கும். பால்மரம் வெட்டிப் பாலெடுக்கப் போகும் சனம் வரிசையில் நிற்க, ஒருநாள் இவர் மட்டும் கேட்டடியில் குந்திவிட்டார். கேட் தூணில் மோதாமலிருக்க யாரோ எப்போதோ வைத்த ஒரு ஸ்பிரிங் அங்கே இருந்தது. நடு பருத்தது, முனை சிறுத்தது. மனிதர் ஸ்பேனரை எடுத்துக் கழற்றவே ஆரம்பித்துவிட்டார்.

அவசரகாலத்தில், காவலுக்கு நின்றவன் கண் முன்னால், கேட்டைக் கழற்றுகிற புத்திசாலி! காட்டுக்காரர்களுக்கு வழி திறக்கிறான் என்று டவுன் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தக் குற்றம் உறுதியானால் காவல் முகாம், பிறகு இந்தியாவுக்குக் கப்பல்.

நான் ஓடினேன். மலாய் இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். அது கேட் ஸ்பிரிங்தான், தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்படியே எழுதிக்கொண்டு விட்டுவிடுகிறேன் என்றார். இவர் தலையாட்டி மறுத்தார். கேட்டுக்கு எவன் முனை சிறுத்த ஸ்பிரிங் செய்வான் என்று பாடம் நடத்தினார். அதோடு விட்டாரா? ஜன்னல் வழியாக இன்ஸ்பெக்டருடைய மோட்டார் சைக்கிளைப் பார்த்து, அதன் இடது பக்க ஃபோர்க் பட்டை வேறு வண்டியுடையது என்றும் சொல்லி வைத்தார். 

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். ஸ்பிரிங் இந்தக் கிராணியின் வண்டிக்குத்தானே, அப்படியானால் ஏவிவிட்டவன் இவன், இரண்டு பேரும் உள்ளே போங்கள் என்றார்.

 அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு இன்ஸ்பெக்டர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டார்.

"கேட் ஸ்பிரிங்தான், துவான். நான்தான் தப்பாப் பாத்துட்டேன்."

விட்டுவிட்டார்கள்.  கேட்டைக் கடக்கும்போது அவர் அந்த ஸ்பிரிங் பக்கமே திரும்பவில்லை. அவரைக் கிறுக்கு என்று தோட்டம் முழுக்கச் சொல்லிச் சிரித்தவன் நான். எனக்கு அழுகை வந்துவிட்டது; அவர் கையைப் பிடித்துக்கொண்டே லைன் வரைக்கும் நடந்தேன்.