போல்ட்டின் மேல் விழுந்த ஆணை

எகிப்தின் தும்யாத் நகரத்துச் சீஸ் தொழிற்சாலையின் தலைமை மெக்கானிக், ஸ்பேனர் ஏந்திய செங்கையர், கிரீஸ் படிந்த திருமார்பர், மூன்று முதலாளிகளைக் கண்டும் நரைக்காத மீசையர், உஸ்தா அப்துல் மக்ஸூத் வாழ்க! அவர் கைபட்டு உயிர்த்தெழுந்த பம்புகள் வாழ்க! அவர் எவ்வளவு திட்டியும் திருந்தாத மோட்டார்களும் வாழ்க! எருமைப்பால் ஆறாகப் பாயும் அந்த ஆலையின் பின்கட்டில், ஒரு மாவீரருக்கும் ஒரு போல்ட்டுக்கும் மூண்ட பெரும்போரைச் சொல்லப் போகிறேன். நெஞ்சுரம் குறைந்தவர்கள் ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாம்.

பாலைக் குளிர்விக்கும் தண்ணீரைக் குளிர்விப்பதே தன் பிறவிப்பயன் என்று கிடந்த கிழட்டுச் சில்லர், கோடையின் முதல் வெயிலிலேயே யானைபோலப் பிளிறி, நோயாளிபோல இருமி, மௌனமானது. உஸ்தா படையெடுத்தார். கம்ப்ரஸரைப் பிரித்துக் கருங்குருதியென உறைந்த எண்ணெயை வடித்தார், தேய்ந்த வால்வுகளைத் தண்டித்து நாடு கடத்தினார், புதியவற்றுக்கு முடிசூட்டினார். மிச்சமிருந்தது ஒரே கோட்டை. சுண்ணாம்பு அடைத்த குழாய்களைத் தன் வயிற்றில் ஒளித்துவைத்திருந்த நீள் உருளை அது; அதன் வாயிற்கதவுபோல் ஒரு வார்ப்பிரும்பு மூடி. மூடியைக் காத்துநின்ற போல்ட் சேனை முழுவதும் சரணடைந்துவிட்டது. கீழ்மூலையில் ஒருவன் மட்டும், துருவையே கவசமாகப் பூண்டு, அசையமாட்டேன் என்று நின்றான்.

அவன் தலையில் டீசல் ஊற்றப்பட்டது. சுத்தியல் முரசு கொட்டியது. இரு ஸ்பேனர்கள் வீரமரணம் எய்தின. அப்போது இஸ்திரி கலையாத சட்டையும் இறங்காத புருவமுமாகக் களம் புகுந்தார் இளம் எஞ்சினியர் வஸீம்.

"உஸ்தா, சாயங்காலம் பால் லாரி வந்துடும். ஒத்தப் போல்ட்டை இன்னும் எவ்வளவு நேரம் கொஞ்சிக்கிட்டிருப்பீங்க? கேஸ் கட்டர் வச்சு வெட்டிவிடுங்க."

"மூடி வார்ப்பிரும்பு, பாஷா. சூடு பட்டா பொளந்துக்கும். அப்புறம் வேற மூடிக்கு எங்க போவீங்க, மியூசியத்துக்கா?"

"அப்ப உங்களால முடியலைன்னு ஒத்துக்குங்க."

ஐயகோ! அந்தச் சொல் அம்பென மீசைக்கு நடுவே தைத்தது. உஸ்தா தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்தார். வலக்கையை வானுக்கு உயர்த்தினார். கூரைப் புறாக்கள் கலைந்து பறக்க முழங்கினார்:

"கட்டர் இந்தப் போல்ட்டைத் தொட்டுச்சுன்னா, என் பொண்டாட்டி எனக்குத் தலாக்!"

தக்காளி விலைக்கும், தேநீருக்குக் காசு கொடுப்பது யார் என்ற தகராறுக்கும் எங்கள் தெருக்களில் நாள்தோறும் பறக்கும் ஆணைதான் அது. பெரும்பாலும் கண்ணாடித் தம்ளரைக் கழுவும்போதே கழுவப்பட்டுவிடும். ஆனால் இன்றோ, கட்டரைக் கையில் பிடித்து, நீலச்சுடரைப் பற்றவைத்து, உத்தரவுக்குக் காத்து நின்ற வெல்டர் ஸனூஸி, உஸ்தாவின் மனைவி இன்ஷிராஹின் கூடப்பிறந்த தம்பி.

"வெட்டு ஸனூஸி," என்றார் வஸீம்.

"எங்க அக்கா வாழ்க்கையை என் கையாலயே வெட்டச் சொல்றீங்களா பாஷா? கெட்ட கனவுலகூட இப்படி வராது!" சுடரை அணைத்த ஸனூஸி உஸ்தாவின் பக்கம் திரும்பினான். "மச்சான், ஆணை வைக்க உங்களுக்கு வேற எதுவுமே கிடைக்கலையா? மோட்டார்சைக்கிள் இருக்கே!"

"அதுக்குத் தவணை இன்னும் முடியலைடா."

ஸனூஸி போனை எடுத்தான். அக்காவுக்குச் செய்தி போனது. போனின் ஒலிபெருக்கி வழியே, பாலைப்புயலைப் பழிக்கும் குரலொன்று பின்கட்டை நிறைத்தது.

"யோவ் அப்துல் மக்ஸூத்! என்னை ஒரு துருப்பிடிச்ச போல்ட்டுல கொண்டுபோய் மாட்டிவச்சியா?"

"கழண்டுடும் இன்ஷிராஹ், இதோ கழண்டுடும்."

"அது கழண்டா உன் பெருமை, கழலலைன்னா என் தலையெழுத்து. நல்லா இருக்குய்யா உன் நியாயம்!"

குரல் அறுந்தது. உஸ்தாவின் முகத்தில் முதன்முறையாக அச்சம் படர்ந்தது. சில்லர் இறந்தால் வேறு சில்லர் வரும். பால் புளித்தால் முதலாளி வசைபாடுவார், அந்த வசைக்கும் ஒரு முடிவுண்டு. இன்ஷிராஹ் இல்லாத வீட்டுக்கு முடிவேது?

பெரிய ரிங் ஸ்பேனரைப் போல்ட்டில் மாட்டி, அதன் வாலில் ஆளுயரப் பைப் ஒன்றைச் செருகினார். முதலில் எதிர்த்திசையில், இறுக்குவதுபோல், மயிரிழை அளவு அழுத்தினார். பகைவனின் துருக்கவசம் முனகியது. பிறகு கழற்றும் திசையில் தொங்கினார். ஸனூஸி தொங்கினான். தன் வாயால் ஒரு குடும்பம் உடைந்தது என்ற பேரைச் சுமக்க விரும்பாத வஸீமும், சட்டைக் கையை மடக்கி, பைப்பின் நுனியில் ஊசலாடினார்.

"இழுங்க பாஷா, படிச்ச படிப்பெல்லாம் சேர்த்து இழுங்க!" என்று கத்தினான் ஸனூஸி.

"இழுத்துக்கிட்டுதான்யா இருக்கேன், என் கால் மேலேயிருந்து எறங்கு!"

திசைகள் அதிர்ந்தன, நரம்புகள் புடைத்தன, இஸ்திரிச் சட்டையின் அக்குள் கிழிந்தது, ஊழிக்காலத்து இடியென 'டக்' என்றொரு பேரோசை எழ, முப்பெரும் வீரர்களும் மல்லாந்து வீழ, துருவேந்தன் தலைகுனிந்து, திருகு திருகாய்ச் சுழன்று, உஸ்தாவின் காலடியில் உருண்டான். மூடி திறந்தது. குழாய்தோறும் கம்பித்தூரிகைகள் பாய்ந்தன. சுண்ணாம்பு வெள்ளமாய் வெளியேறியது. புது கேஸ்கெட் இட்டு மூடிய கிழட்டுச் சில்லர் இளஞ்சிங்கமென உறுமிப் பனிநீர் பொழிய, பால் லாரியின் ஹாரன் வெற்றிச்சங்காய் முழங்கிற்று.

ஸனூஸியின் போன் மணியடித்தது.

"கழண்டுடுச்சாடா?"

"கழண்டுடுச்சுக்கா! கட்டர் தொடவே இல்ல!"

"அப்ப தலாக் இல்லையே?"

"சத்தியமா இல்லக்கா."

"நல்லது. கட்டுன பொண்டாட்டியாவே நம்ம அம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டேன்னு உன் மச்சான்கிட்ட சொல்லு. சாவி பக்கத்து வீட்டுல இருக்கு."

கோட்டைகளை வென்றவரும், துருவேந்தனைத் துரத்தியவரும், பனிநீரை மண்ணுக்குக் கொணர்ந்தவருமான உஸ்தா அப்துல் மக்ஸூத், தோழர்கள் ஆரவாரிக்க, எண்ணெய் மணக்கும் திருமீசையை முறுக்கியபடி ஆலையின் பெருவாயிலைக் கடந்து நகர்வலம் போந்தார்.

முக்குக் கடையில் ஒரு ஆளுக்கு ரொட்டியும் மொச்சையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.