கிள்ளான் லோகுவின் குரல்

“பாஸ், ஆளு எங்க?” என்று கேட்டான் பேனர் கடை பிரவின்.

யுகேந்திரன் கணினித் திரையைப் பார்த்தான். வலப்பக்கம் தங்க எழுத்தில் ‘கிள்ளான் லோகு நினைவேந்தல். ஞாயிறு மாலை நான்கு மணி, பிரிக்ஃபீல்ட்ஸ்’ என்று இருந்தது. இடப்பக்கம் ஆறடிக்கு வெறும் நீலம்.

“அதான் பிரச்சினை. போட்டோ இல்ல.”

“போட்டோ இல்லாம எப்படி லா? பாக்கிறவங்க வானிலை அறிக்கைன்னு நினைச்சுக்குவாங்க.”

பிரவினைக் குறை சொல்ல முடியாது. கிள்ளான் லோகு 1988-இல் ஒரே ஒரு கேசட் போட்டு மறைந்தவர். உறையில் ஒரு தென்னைமரமும் ‘பாடல், இசை, குரல்: கிள்ளான் லோகு’ என்ற வரியும் மட்டும்தான். தெருவில் நிறுத்திக் கேட்டால் நூறில் தொண்ணூற்றொன்பது பேர் “யாரு?” என்பார்கள். நூறாவது ஆள் கிதார் வைத்திருப்பான், அவன் கண்கலங்குவான். கிள்ளான் பள்ளத்தாக்கில் சொந்தமாகத் தமிழ்ப் பாட்டுக் கட்டிப் பாடுகிறவர்கள் எல்லாருக்கும் ஆதிமூலம் அந்தக் கேசட்தான். கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வருகிற கனத்த குரல். ஒவ்வொரு சொல்லையும் விட மனமில்லாமல் விடுகிற தோரணை. அதற்கு ‘லோகு இழுப்பு’ என்றே பெயர். சுங்கை வேயில் ரிஷி என்ற பாடகன் அந்த இழுப்பு வரவேண்டுமென்று ஒரு வருடம் விடியற்காலையில் ஐஸ் தண்ணீர் குடித்தான். வந்தது, டாக்டர்கள் சொல்லும் இழுப்பு.

யுகேந்திரனுக்குக் கிதார் தெரியாது. பெட்டாலிங் ஜெயாவில் காப்புறுதி அலுவலகத்தில் வேலை. பத்தொன்பது வயதில், அப்பா இறந்த வாரம், மாமாவின் காரில் அந்தக் கேசட்டைக் கேட்டான். ‘மஞ்சப் பூவே போயிட்டு வா, மறுபடி இங்கே வந்திடாதே’ என்று அந்தக் குரல் நிதானமாக அழுதது. இவ்வளவு பொறுமையாக ஒரு மனிதனால் அழ முடியுமென்றால் நாமும் பிழைத்துக்கொள்ளலாம் என்று அவனுக்குத் தோன்றிற்று. பிழைத்துக்கொண்டான். அந்தக் கடனைத் தீர்க்கத்தான் ரசிகர் வட்டம். பதினொரு உறுப்பினர்கள், அவன் செயலாளர்.

தலைவர் பழனியப்பனுக்குப் போன் அடித்தான்.

“போட்டோதானே? நானும் லோகுவும் ஒரே மேசையில தே தாரிக் குடிச்சவங்க லா,” என்றார் பழனியப்பன். பத்தே நிமிடத்தில் மங்கலான குழுப்படம் ஒன்று வந்தது. “இடப்பக்கத்துலேருந்து மூணாவது ஆளு.”

மூன்றாவது ஆள் மீசையோடு, ஒரு மகாகலைஞனுக்கு வேண்டிய சோகத்தோடு நின்றிருந்தார். பிரவின் அவரை வெட்டி ஆறடிக்கு இழுத்து, தன் செலவில் இரண்டு ஊதுபத்தியும் சேர்த்துக் கொடுத்தான். வியாழக்கிழமை பேனர் மண்டப வாசலில் ஏறியது.

வியாழன் சாயங்காலமே ஒரு பெண் கூப்பிட்டாள்.

“பேனர்ல இருக்கிறது எங்க பெரியப்பா நாகையா. தபால்காரரா இருந்து ரிடையர் ஆனவரு. மத்தியானத்துலேருந்து வீட்டுக்கு மாலையோட ஆளுங்க வராங்க. அவரே கதவத் திறந்து வாங்கிக்கிறாரு. நல்லாவா இருக்கு?”

யுகேந்திரன் ஓடிப்போய்ப் பேனரை இறக்கினான். பழனியப்பன் அசரவில்லை. “மூணாவதுன்னா வலப்பக்கத்துலேருந்து லா.”

வலப்பக்கத்திலிருந்து மூன்றாவதாக இருந்தது ஒரு தூண்.

வேறு வழியில்லாமல் ஃபேஸ்புக்கில் எழுதினான்: ‘மறைந்த கலைஞர் கிள்ளான் லோகுவை அறிந்தவர்கள் உடனே தொடர்புகொள்ளவும்.’ வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது. பெண்குரல்.

“லோகு பத்தி யாரு போட்டது?”

“நான்தான்க்கா. லோகு அண்ணே உங்களுக்குச் சொந்தமா?”

“எந்த அண்ணே? நான்தான் லோகு. லோகேஸ்வரி. எனக்கு நினைவேந்தலாமே! யாரைக் கேட்டு தம்பி என்னைச் சாகடிச்சே?”

சனிக்கிழமை காலை யுகேந்திரன் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனான். யாரோ பாவம், லோகு அண்ணனின் மனைவியாக இருக்கும், துக்கத்தில் புத்தி பேதலித்திருக்கும் என்பது அவன் கணக்கு. கதவைத் திறந்த லோகேஸ்வரிக்கு அறுபத்திரண்டு வயது; பேதலித்த மாதிரி தெரியவில்லை.

“பசியாறிட்டியா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தோசையை வைத்தார். அவன் வாயில் தோசை இருக்கும்போதே தொடையைத் தட்டிப் பாட ஆரம்பித்துவிட்டார்.

‘மஞ்சப் பூவே போயிட்டு வா, மறுபடி இங்கே வந்திடாதே!’

சொல் அதேதான். மெட்டும் அதேதான். ஆனால் குரல் கீச்சென்று கூரையைத் தொட்டது. பாட்டு துள்ளிக் குதித்து ஓடியது. கேசட்டில் இல்லாத மூன்றாவது சரணம்கூட அவருக்குத் தெரிந்திருந்தது. அதில் மாப்பிள்ளையின் தொப்பை வந்தது.

“தொப்பையா?” யுகேந்திரனுக்குப் புரையேறியது. “அக்கா, அது செத்துப்போன காதலிக்குப் பாடின பாட்டு இல்லையா?”

“யாரு செத்தா? என் நாத்தனார் கல்யாணத்துக்குக் கட்டுன கேலிப் பாட்டு அது. கேசட்டுல இருக்கிற எட்டுமே கல்யாணப் பாட்டுதான்.”

“அப்ப கேசட்ல பாடுறது யாரு?”

லோகேஸ்வரியின் முகம் மாறியது.

“அதைத்தான் இத்தனை வருஷமா நானும் கேக்குறேன். மைக்கு முன்னால நின்னு பாடிக் குடுத்தது நான். கேசட்டு வந்து போட்டுப் பாத்தா, சளி பிடிச்ச எருமை மாதிரி எவனோ பாடுறான். அதப் போட்ட கேசட்டு கடைக்கு நாலு தடவ நடந்தேன். ‘முதலாளி இப்பதான் வெளிய போனாரு’ன்னு நாலு தடவயும் அதே பதில். என் குரலு வேணாம்னு ஒரு ஆம்பளைய வெச்சுப் பாட வெச்சுட்டாங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன். அன்னையிலேருந்து நான் வாயத் திறக்கல தம்பி. பிள்ளைங்களுக்குத் தாலாட்டுகூடப் பாடல.”

தட்டில் தோசை ஆறிக்கொண்டிருந்தது. யுகேந்திரனுக்கு அந்த அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் மனசின் இன்னொரு மூலையில், அந்த அறியாத ஆண் மீது மரியாதை இரண்டு மடங்காகிவிட்டது. தொப்பைப் பாட்டை எடுத்து ஒப்பாரியாக்கியவன் எப்பேர்ப்பட்ட மேதை!

“நாளைக்கு வாங்கக்கா. பாட்டு உங்களுதுன்னு மேடையில சொல்றேன். பாடுன ஆளையும் கண்டுபிடிக்கிறேன்.”

“கண்டுபிடி. அந்தக் கேசட்டு கடை பீர் முகம்மதுவையும் கூட்டிட்டு வா. நான் குடையோட வரேன்.”

“மழை வராதுக்கா.”

“மழைக்கு இல்ல.”

ரயிலிலேயே அடுத்த பதிவைப் போட்டான்: ‘லோகுவின் கேசட்டில் ஒலிக்கும் ஆண்குரலுக்குச் சொந்தக்காரர் ஞாயிறு நான்கு மணிக்கு நேரில் வரவும்.’ நாலு பேரை விசாரித்து, பீர் முகம்மது மகள் ஷிரீனோடு ஷா ஆலமில் இருக்கிறார் என்று கண்டுபிடித்தான். ஷிரீன் கூட்டி வருவதாகச் சொன்னாள். எல்லாம் கைகூடி வந்துவிட்டது என்ற நிம்மதியில் அவன் தூங்கினான்.

ஞாயிறு நான்கு மணிக்கு மண்டபத்தில் ஏழு லோகுகள் இருந்தார்கள்.

ஒருவர் ஜிப்பாவில், ஒருவர் சக்கர நாற்காலியில். நால்வர் ஒரே மாதிரி கூலிங் கிளாஸ். கடைசியில் நின்றவனுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும்.

“தம்பி, கேசட்டு வந்தப்ப நீ பொறந்திருக்கவே மாட்டியே?”

“எங்கப்பாதான் பாடுனது அங்கிள். அவருக்கு முட்டி வலி. அவரு சார்பா வந்திருக்கேன்.”

“என்னை எதுக்கு அங்கிள்ங்கிற?” என்று மட்டும்தான் யுகேந்திரனால் கேட்க முடிந்தது.

வேறு வழி? ஒவ்வொருவரையும் பாடச் சொன்னான். ஏழு பேரும் மஞ்சப் பூவை இழு இழு என்று இழுத்தார்கள். முப்பது வருடமாக எல்லாரும் அந்தக் கேசட்டைக் கேட்டே பழகியிருந்ததால் ஏழு பேர் குரலும் அச்சாக லோகு. கூட்டம் ஏழு முறை அழுதது. சுங்கை வே ரிஷி ஏழு பேர் காலிலும் விழுந்து எழுந்தான். அப்போது தலைவர் பழனியப்பன் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“இத்தனை வருஷம் தன்னடக்கத்தால சொல்லல. அந்தக் குரலு என்னோடது.”

“ஒண்ணா தே தாரிக் குடிச்சேன்னீங்களே?”

“தனியாக் குடிச்சேன் லா. அதான் ஒரே மேசை.”

ரிஷிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால் எட்டாவது லோகுவுக்குக் கும்பிடு மட்டும் கிடைத்தது. லோகுகளுக்குள் தள்ளுமுள்ளு தொடங்கியது. சக்கர நாற்காலிக்காரர் எழுந்து நின்று சண்டை போட்டார்.

முன்வரிசையிலிருந்து லோகேஸ்வரி குடையோடு மேடை ஏறினார். ஒலிவாங்கியைப் பிடுங்கினார்.

“இது என் பாட்டு. நான் பாடுறேன், கேளுங்க.”

பாடினார். இத்தனை வருடம் அடைத்து வைத்திருந்த குரல் கீச்சென்று கிளம்பி, துள்ளித் துள்ளி ஓடியது. இரண்டு வரி போவதற்குள் பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: “ஆன்டி, பிளீஸ் லா, லோகு பாட்டக் கெடுக்காதீங்க!”

கைதட்டல் எழுந்தது. கத்தினவனுக்குத்தான்.

லோகேஸ்வரி நிறுத்திவிட்டார். குடை கையிலிருந்து நழுவி விழுந்தது; அதைக் குனிந்து எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. கண்கள் நிறைந்திருந்தன. யுகேந்திரனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. தன்னைக் காப்பாற்றிய குரலுக்கு விழா எடுக்கப்போய், அந்தப் பாட்டைப் பெற்றவளை ஊர் முன்னால் இரண்டாம் தடவை வாயடைக்க வைத்துவிட்டோமே என்று நினைத்தபடி குனிந்து குடையை எடுத்தான்.

அந்த நேரம் பார்த்து ஷிரீனின் கையைப் பிடித்துக்கொண்டு பீர் முகம்மது மெல்ல நடந்து வந்தார். எண்பது வயதிருக்கும். எட்டு லோகுகளும் சட்டையைச் சரிசெய்துகொண்டார்கள்.

“பாய்,” என்றார் லோகேஸ்வரி. குரல் உடைந்திருந்தது. “நல்லாப் பாத்துச் சொல்லுங்க. என் பாட்ட இவங்கள்ல எவன்கிட்ட பாடக் குடுத்தீங்க?”

பீர் முகம்மது எட்டுப் பேரையும் வரிசையாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு லோகேஸ்வரியைப் பார்த்தார். யுகேந்திரன் ஒலிவாங்கியை அவர் வாயருகே பிடித்தான்.

“யாருகிட்டயும் குடுக்கல தங்கச்சி, அது உங்க குரலுதான், காப்பி எடுக்கிற மிஷின்ல பெல்ட்டு லூசாகி நீங்க பாடுன டேப்பு ஸ்லோவா ஓடி, அத்தனை கேசட்டுலயும் ஆம்பளக் குரலாப் பதிவாயிடுச்சு, உண்மையச் சொல்லிடலாம்னு பாத்தா, வாங்கிட்டுப் போனவங்கல்லாம் அழுதுக்கிட்டே வந்து இன்னொண்ணு கேட்டாங்க!”