குட் அட்டா, குட் இன்னா?

ஆங்கிலத்தில் பெரிய வார்த்தைகளால் யாரும் கெட்டுப்போவதில்லை. அட், இன், வித் என்று சோற்றில் கல் மாதிரி சில பொடிசுகள் கிடக்கின்றன. பல்லை உடைப்பது அவைதான். என் விஷயத்தில் பல்லோடு நிற்கவில்லை. கச்சிபௌலியில் ஒரு கட்டடத்துக்கே பேய் பிடித்தது.

நான் மல்லாபூரில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருந்தேன். இரண்டு வருடம் முன்பு முதலாளி அதை எங்கோ தொலைவுக்கு மாற்றப்போவதாகவும், பழைய ஆட்கள் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டான். (முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூட அந்த ஆளுக்குத் தைரியமில்லை.) வயது நாற்பத்தாறு. மகள் ஸ்வேதா காலேஜ் போக வேண்டும். மனைவியின் தம்பி முரளி, தான் வேலை பார்க்கும் ஐ.டி. கட்டடத்தில் மெயின்டனன்ஸ் மேனேஜர் வேலை காலி என்று சொல்லி இன்டர்வியூவுக்கு ஏற்பாடு செய்தான். அதை விட்டால் எனக்கு வேறு வழி இல்லை.

"முதல்ல கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான் மாமா. நீங்க எதுல கெட்டின்னு கேப்பாங்க. அதை மட்டும் இங்கிலீஷ்ல தப்பில்லாம சொல்லிடுங்க."

"ஐ ஆம் குட் இன் மெயின்டனன்ஸ்," என்றேன்.

"அய்யோ நான்னா, குட் அட்!" என்று கத்தினாள் ஸ்வேதா. (தமிழ் வீடுதான். ஆனாலும் தெலுங்கு ஊரில் வளர்ந்ததால் அவள் வாயில் அப்பா வராது, தெலுங்கு நான்னாதான் வரும்.)

"மெஷின்னா வித் கூட போடலாம்," என்றான் முரளி.

"ஃபார் மட்டும் இன்னாடா பாவம் பண்ணுச்சு?"

"அது காய்கறிக்கு மாமா. குட் ஃபார் ஹெல்த்."

எனக்கு ரத்தம் கொதித்தது. தமிழில் கணக்கில் கெட்டி, சமையலில் கெட்டி, சண்டையில் கெட்டி. எல்லாவற்றுக்கும் ஒரே 'இல்'. சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். தனியாக நின்று ஆளின் மானத்தை வாங்காது.

இன்டர்வியூ அன்று காலையிலேயே போய்விட்டேன். எட்டாம் மாடியில் இன்டர்வியூ. அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றார் செக்யூரிட்டி. ஏழாம் மாடி காலி என்று முரளி சொல்லியிருந்தான். வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க இடம் வேண்டும் என்பதால் அங்கே உட்காரட்டுமா என்று கேட்டேன்.

"உதர் நக்கோ ஜாவ் பாய்," என்றார் அவர். அங்கே போகாதீர்கள் என்று அர்த்தம். "உதர் கோயி நை ரஹ்தா." அங்கே யாரும் இருப்பதில்லை.

யாரும் இல்லாத இடம்தானே எனக்கு வேண்டும்? சரி என்று தலையாட்டிவிட்டு, அவர் பார்க்காதபோது போனேன்.

லிஃப்ட் கதவு திறந்ததும் இருட்டு. ஒரு கம்பெனி காலி செய்துவிட்டுப் போன மாடி. நான் காலை வைத்ததும் தலைக்கு மேல் ஒரு விளக்கு எரிந்தது. அடுத்த அடிக்கு அடுத்த விளக்கு. எனக்கு முன்னால் யாரோ வழிகாட்டிக்கொண்டு போவதுபோல ஒவ்வொன்றாக எரிந்தது. திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வந்தது. ஆள் அசைந்தால் எரிகிற சென்சார் விளக்கு. நானே எத்தனையோ மாட்டியிருக்கிறேன். தெரிந்தும் நடையைக் கூட்டினேன். நாற்காலிகளை பாலிதீன் போட்டு மூடி வைத்திருந்தார்கள். வெள்ளையாகத் தலை குனிந்து வரிசையாக உட்கார்ந்திருப்பதுபோல இருந்தன. ஏ.சி. காற்றில் அந்த பாலிதீன் ஏறி இறங்கியது. மூச்சு விடுவதுபோல.

படிக்கட்டுக் கதவுப் பக்கம் சுவரில் ஒரு சிவப்புப் பெட்டி. அதில் கை மைக் ஒன்று தொங்கியது. உயிர் வந்தது எனக்கு. எங்கள் தொழிற்சாலையில் மெஷின் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. தூணுக்குத் தூண் மைக் தொங்கும். பட்டனைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டுதான் எதையும் பேசுவோம். அது கையில் இல்லாமல் வேலை விஷயம் எனக்கு வாயில் வராது. (வீட்டில் டி.வி. ரிமோட்டைப் பிடித்துக்கொள்வேன்.) மாடியே செத்துக் கிடக்கிறது, மைக்குக்கு எங்கிருந்து உயிர் வரும்? எடுத்தேன், பட்டனை அழுத்தினேன், கண்ணை மூடினேன்.

"ஐ ஆம் குட்..."

எது? நின்றேன். நான் அசையாததால் விளக்குகள் அணைந்தன. அந்த இருட்டில், என் காலுக்குக் கீழே எங்கோ ஒரு குரல் மெதுவாகச் சொன்னது: "குட்..."

"அட்," என்றேன்.

"அட்..." இப்போது தலைக்கு மேலிருந்து.

"இன்?"

"இன்..." படிக்கட்டுக் குழிக்குள்ளிருந்து, கனமாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல.

பயந்தால் ஓடுவது மற்றவர்கள் வழக்கம். எனக்குக் கோபம்தான் வரும். "எவன்டா அது? இன்டர்வியூக்கு வந்தவனைக் கிண்டல் பண்றியா? இதுக்கு ஒரு முடிவு தெரியாம நான் இந்த இடத்தை விட்டுப் போகமாட்டேன்டா!" என்று கத்தினேன்.

"...போகமாட்டேன்டா..." என்றது கட்டடம் முழுவதும்.

அப்புறம் அலறல் கேட்டது. அது என்னுடையது இல்லை. மைக்கைப் போட்டுவிட்டுப் படியில் பாய்ந்தேன். ஒவ்வொரு மாடியிலிருந்தும் கழுத்தில் அடையாள அட்டை ஆட ஜனம் கொட்டிக்கொண்டிருந்தது. கீழே கூட்டத்தில் முரளி என் மணிக்கட்டைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

"மாமா, அந்த மைக்கை எதுக்குத் தொட்டீங்க? ஃபயர் அனவுன்ஸ்மென்ட் மைக் அது! ஏழுல மட்டும்தான் ஸ்பீக்கரைக் கழட்டிட்டாங்க. மத்த எல்லா மாடியிலயும் நீங்கதான்!"

"சொல்லிடலாம்டா. தெரியாம நடந்துச்சுன்னு."

"சொன்னா உங்களுக்கும் வேலை இல்ல, கூட்டிட்டு வந்த எனக்கும் இல்ல. வாயைத் திறக்காதீங்க. அந்தக் குரல் இப்ப எல்லார் காதுலயும் கீது."

செக்யூரிட்டிகள் மேலே போய்த் தேடினார்கள். யாரும் இல்லை, மைக் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது என்று வந்து சொன்னார்கள். (ஆடாமல்? போட்டுவிட்டு ஓடினவன் நான்.)

அதற்கப்புறமும் இன்டர்வியூ நடத்தினார்கள். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா இன்னும் கூரை ஸ்பீக்கரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் குடித்துவிட்டு, நான் எதில் கெட்டி என்று இங்கிலீஷில் கேட்டார்.

பதில் தயார். ஆனால் என் குரலில் அந்த 'குட்' வெளியே வந்தால் அந்த அம்மா நாற்காலியோடு விழுவார். அதனால் குரலை மாற்றினேன். பூனைக்குட்டி மாதிரி கீச்சென்று வந்தது. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தொண்டை வலி என்று சைகை காட்டினேன். தகவல் சொல்கிறோம் என்றார்கள். சொல்லவே இல்லை.

சில மாதம் அலைந்து, நாச்சாரத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு. ஆனால் அங்கே என்னிடம் பேசுவது கம்ப்ரசர் மட்டும்தான்.

போன வருடம் முரளி வீட்டுப் புதுமனை புகுவிழாவில், அவன் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த சென்னைப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். தானாகவே ஆரம்பித்தாள். "எங்க பில்டிங்ல செவன்த் ஃப்ளோர் இன்னும் காலிதான் அங்கிள். யாரும் வாடகைக்கு வரமாட்டேங்கறாங்க. இன்டர்வியூல ஃபெயிலாகி ஒருத்தர் அங்க செத்துட்டாராம். தமிழ்க்காரர். குட் அட், குட் இன்னுன்னு சொல்லிட்டே இருப்பாராம்."

"கடைசியா எதைச் சொன்னாராம்?" என்று கேட்டேன்.

"அது தெரியாமதான் அங்கிள், இன்னும் அலையறாரு."

எதிரில் இருந்த ஸ்வேதாவுக்குப் பாயசம் மூக்கில் ஏறியது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இது வழக்கமாகிவிட்டது. அமாவாசைக்கு மனைவி இலை போட்டுப் படைக்கும்போது ஸ்வேதா எட்டிப் பார்ப்பாள். "அம்மா, நான்னாக்கும் ஒரு வடை வெச்சுடு. பாவம், ஏழாவது மாடி." மனைவியும் சிரிக்காமல் ஓரமாக ஒரு வடையை வைப்பாள்.

காக்கைக்கு வைப்பதற்கு முன் அதை நான் எடுத்துத் தின்றுவிடுகிறேன்.